பகடையின் நீதியும் காமன் பொட்டலின் நீதியும்

பல்கலைக்கழக விடுதிகளிலே மேசையைச் சுற்றியிருந்து கற்பனைப் பாத்திரங்களை ஏற்று ஆடும் விளையாட்டொன்று இன்று நம் மாணவரிடையேயும் புகுந்துள்ளது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் பாத்திரமேற்பர். வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும். 1974இல் அமெரிக்காவிலே வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. இதனை நான் வெறுப்பவனல்லன். இரவு முழுக்க ஆடியுமிருக்கிறேன். ஆயினும், "இது சிந்தனையை வளர்க்கும் நவீன கலை, காமன் கூத்தோ லயத்து மக்களின் மூடநம்பிக்கை" என ஊவாத் தோட்டங்களிலிருந்து வந்த நண்பர்களே கூறும்பொழுது வாளாவிருத்தல் இயலவில்லை.

சிந்தனை என்கிறார்களே, குற்றத்தையும் தண்டனையையும் பற்றி அம்மேசை என்ன சிந்திக்கிறது? நகரத்திலே கள்வன் அகப்பட்டால் அபராதமோ சிறையோ உண்டு; ஆட்டம் தடைப்படுமென்று அதுவும் விரைவில் முடிக்கப்படும். நகர் எல்லையைக் கடந்தாலோ விசாரணையே கிடையாது. ஓர் இரவு எங்கள் குழு, மலையடியிலே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த கொப்ளின்கள் யாவரையும் வெட்டி வீழ்த்தியது. அவர்கள் செய்த குற்றம் யாதென நான் வினவினேன். "கொப்ளின் என்றாலே தீயவன்தானே!" என்று விடை வந்தது, உடன் அனுபவப் புள்ளிகளும் வழங்கப்பட்டன. 1977இல் வெளிவந்த 'மொன்ஸ்டர் மானுவல்' என்னும் விதிநூலிலே ஒவ்வோர் இனத்துக்கும் அதன் ஒழுக்கம் பிறப்போடு ஒட்டப்பட்டிருந்தது.

பிறப்பைக் குற்றமாக்கும் இச்சிந்தனை கற்பனையுலகுக்கு மட்டும் உரியதன்று. 1871இல் ஆங்கிலேயர் இந்தியாவிலே குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றினர். பிற்காலத்தில் அது மதுரைச் சீமையிலே கைரேகைச் சட்டமெனப் பெயர்பெற்றது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் நாட்டிலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டுச் சென்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. வேலையை விடுவது குற்றம்! 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் முன் எம் பாட்டன்மார் செய்த குற்றந்தான் என்ன? எந்த நீதிமன்றத்திலே விசாரிக்கப்பட்டனர்? தந்தையின் பிறப்பைக் காட்டும் கடதாசி இல்லாமையே தண்டனைக்குப் போதுமாயிற்று. இவ்வரலாற்றைச் சுமந்து வந்த ஒருவன், பகடையை உருட்டியபடி "பிறவியிலேயே தீயவன்" என்று கூசாமல் சொல்வதை எங்ஙனம் பொறுப்பது?

இனிக் காமன் கூத்தைப் பாருங்கள். இதுவும் பாத்திரமேற்று ஆடுவதே. மாசிப் பனியிலே, தப்பொலிக்கு நடுவே, பகலெல்லாம் கொழுந்து மலையிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர்கள் மதனாகவும் ரதியாகவும் சிவனாகவும் நிற்கின்றனர். சிவனுடைய தவத்தைக் கலைத்தமை மதன் செய்த குற்றம். நெற்றிக்கண்ணால் எரிதல் அவன் பெற்ற தண்டனை. ஆனால் கூத்து எவ்விடத்திலே நின்று நிதானிக்கிறது? எரியும் கணத்திலன்று; அதற்கு முன் நிகழும் ரதி மதன் தர்க்கத்திலே! தேவர்கள் தம் காரியத்துக்காக அவனை ஏவுகின்றனர். போகாதே என்று ரதி மறிக்கிறாள். ஏவியவர் பெரியோர், மறுக்க இயலாதென்கிறான் அவன். கங்காணியின் குரலுக்கு எழுந்து பழகிய மக்களுக்கு இத்தர்க்கத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. எரிந்த பின்னரும் கதை முடிவதில்லை. ரதியின் ஒப்பாரி, தண்டித்தவனையே இரங்கச் செய்து, மதனை உயிர்ப்பிக்கிறது. தண்டிக்கப்பட்டவனுக்காக ஊரே அழுகிறது.

கூத்திலும் ஏவிய இந்திரன் தண்டனையின்றித் தப்புகிறானே என்று கேட்பீர்கள். உண்மை, அக்குறையை நான் மறைக்கவில்லை. எனினும் ஏவியவன் இன்னான் என்பதையாவது பொட்டலிலிருக்கும் சிறு பிள்ளையும் அறிந்தே வீடு திரும்புகிறது. "வெறும் விளையாட்டுத்தானே, இதற்கேன் இத்தனை ஆவேசம்?" என்பாருமுளர். வெறும் விளையாட்டாயின், 2020இல் அதன் வெளியீட்டாளர்களே ஓர்க் முதலிய இனங்களைச் சித்திரித்த முறையைத் திருத்துவதாக அறிவித்தது எதற்காக? அவர்களுக்கு உறுத்தியது நமக்கு உறுத்தவில்லையே!

நண்பர்களே, ஆடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அடுத்த முறை அச்சுரங்கத்து வாயிலிலே ஒரு கொப்ளினின் மனைவியை நிறுத்துவோம். என் கணவன் செய்த குற்றமென்ன என்று அவள் கேட்பாள். பகடையை உருட்டாது அவளுக்கு விடை கூறுங்கள்.