வாலை மாற்றினால் போதுமா?

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் வந்தார். 1999-இல் கணினியில் தட்டச்சு செய்த கோயில் குடும்பப் பட்டியல். திறந்தால் ஒரே கிறுக்கல். லயங்கள் போனபின், யார் யார் அங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. மகன் கோப்புப் பெயரின் வாலில் ‘டாக்’ என்றிருந்ததைப் ‘பிடிஎஃப்’ ஆக்கினானாம். ஒட்டுப்பால் மூட்டையில் ‘ஷீட்’ என்று எழுதினால் ஷீட்டாகிவிடுமா?

அக்கால எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. ஆளுக்கொரு முறை வேறு! தமிழுக்கென்று தனி இடம் 1991-இல் யூனிகோடில் கிடைத்தது.

ஆகவே வாலைப் பழையபடி ‘டாக்’ ஆக்கி, நகல் ஒன்று எடுத்து வையுங்கள். எந்த எழுத்துரு என்று பார்த்து, எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்குங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும் மாற்றி உண்டு. அதன்பிறகே பிடிஎஃப்.

அண்ணனின் பட்டியலில் முதலில் தெரிந்தது அவர் பாட்டியின் பெயர்.