வரைபடத்தில் ஒரே வண்ணம், கடலில் பல கேள்விகள்

புலி இறாலைப் பற்றி இந்தியாவில் எழுதப்படும் ஆய்வேடுகளின் முதல் இயலில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: ‘பீனியஸ் மோனோடான் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இந்தோ–மேற்குப் பசிபிக் முழுவதும் பரவியுள்ளது.’ அதனருகே ஒரு வரைபடம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இடைவெளியின்றித் தீட்டிய ஒரே வண்ணம். மாணவர் முந்தைய ஆய்வேட்டிலிருந்து எடுக்கிறார். நெறியாளர் தம் ஆய்வேட்டிலும் அதுவே இருந்ததால் கேள்வி எழுப்புவதில்லை. தேர்வாளர் பக்கத்தைப் புரட்டுகிறார். இவ்வாறு ஒரு வாக்கியம் தலைமுறை தாண்டி வாழ்கிறது.

அவ்வாக்கியம் பொய்யன்று. ஆனால் அது ஒரு கேள்வியின் தொடக்கம். விடையாக அது பயன்படுத்தப்படுவதே சிக்கல். ஓர் உயிரினத்தின் பரவலைச் சொல்வதற்கு நான்கு செய்திகள் வேண்டும்: எந்த இனம், எந்த இடம், எந்தக் காலம், எவ்வளவு தேடிய பின். வண்ணம் தீட்டிய அந்த வரைபடம் இந்நான்கையும் மறைத்துவிடுகிறது.

முதலில் இனம். புலி இறாலுக்கு 1798இல் ஃபாப்ரீசியஸ் பெயரிட்டார். அதன் நெருங்கிய உறவினமான பீனியஸ் செமிசல்கேட்டஸுக்கு 1844இல் டி ஹான் பெயரிட்டார். இவ்விரு பெயர்களும் நெடுங்காலம் ஒன்றுக்கு மற்றொன்றாக மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டன. எப்பெயர் எவ்விலங்குக்கு உரியது என்பதை ஹோல்துயிஸ் தெளிவுபடுத்தியது 1949இல்தான். அதற்கு முன் எழுதப்பட்ட ‘மோனோடான்’ பதிவு ஒவ்வொன்றும், சான்றுமாதிரி கையிலிருந்தாலன்றி, எந்த இறாலைக் குறித்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இது பழங்கதை என்று ஒதுக்குவோர் குருமா இறாலைப் பார்க்க வேண்டும். பீனியஸ் ஜப்பானிகஸ் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டது உண்மையில் இரண்டு இனங்கள் என்பது மரபணு ஆய்வுகளால் தெளிவாகி, 2014இல் பீனியஸ் புல்கிரிகாடேட்டஸ் என்ற பழைய பெயர் மீட்டெடுக்கப்பட்டது. ஜப்பானிய, கிழக்குச் சீனக் கடல் இறால் வேறு. செங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைப்பது வேறு. ஆனால் இந்தியக் கரையோர இனப்பட்டியல்கள் ‘ஜப்பானிகஸ்’ என்றே இன்னும் அச்சாகின்றன. பெயர் பிரிந்தால் பரவலும் பிரியும் என்ற எளிய உண்மை கூட பட்டியல்களை வந்தடையவில்லை.

அடுத்து இடம். ஒரு மாணவர் துறைமுகத்தில் விற்பனைக்குக் குவித்திருக்கும் இறாலில் சிலவற்றை வாங்கி, அத்துறைமுகத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்கிறார். டிஎன்ஏ வரிசை தரவுத்தளத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாகிறது. ஆனால் பலநாள் தங்கிப் பிடிக்கும் இழுவைப்படகு அந்த இறாலை அள்ளிய இடம் அண்டை மாநிலத்தின் கடலாக இருக்கலாம். இன்னும் மோசமான நிலையும் உண்டு: சந்தையில் வாங்கிய புலி இறால் கடலையே பார்க்காத பண்ணை இறாலாக இருக்கலாம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இறங்குதளங்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துவது கரையிறங்கிய மீனின் அளவை மதிப்பிடுவதற்காக. அந்நோக்கத்துக்கு அது மதிக்கத்தக்க முறை. அதே எண்களை எடுத்து ‘இனத்தின் பரவல்’ என்று தலைப்பிடுவது கணக்கெடுத்தவரின் பிழையன்று, பயன்படுத்துவோரின் சோம்பல்.

தேடலின் அளவு மூன்றாவது. ஒரே வண்ணம் சில்காவையும் கொங்கணக் கரையையும் சமமாக்கிவிடுகிறது. மேற்கு வங்கம், ஒடிசா, ஆந்திரம் ஆகியவற்றின் கடலிலும் கழிமுகங்களிலும் புலி இறால் மிகுதி. மேற்குக் கரையில் ஒப்பளவில் அரிது. இது மீனவர் ஒவ்வொருவரும் அறிந்தது. ஏன் இந்த வேறுபாடு? புலி இறால் கடலில் முட்டையிடுகிறது. இளவுயிரி நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் நிலைகளைக் கடந்து கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் அடைகிறது. வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகிறது. ஆக, அதன் பரவல் கடலின் பரப்பை மட்டுமன்று, ஆற்று முகத்துவாரங்களின் நலத்தையும் சார்ந்தது. ஆற்றில் அணை எழுந்து நன்னீர் குறைந்தால், அலையாத்தி அழிந்தால், வரைபடத்தின் வண்ணம் மாறுவதில்லை. இறால் மட்டும் இல்லாமற்போகிறது. ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்ற பதிவை வெளியிட இதழ்கள் ஆர்வம் காட்டாததால், இல்லாமை எங்கும் எழுதப்படுவதில்லை.

காலத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை அட்லாண்டிக் காட்டியது. 1988இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓர் ஆய்வுப் பண்ணையிலிருந்து ஏறத்தாழ 2,000 புலி இறால்கள் தப்பின. சில நூறு மட்டுமே மீண்டும் வலையில் சிக்கின. பிறகு நெடுங்காலம் அமைதி. 2006இல் தொடங்கி மெக்சிகோ வளைகுடாவிலும் தென்கிழக்கு அமெரிக்கக் கரையிலும் புலி இறால் மீண்டும் மீண்டும் பிடிபட்டது. இன்று அதை ‘இந்தோ–மேற்குப் பசிபிக் இனம்’ என்று மட்டும் எழுதுவது அரை உண்மை. மறுபக்கம், மெக்சிகோவிலிருந்து வட பெரு வரையிலான கிழக்குப் பசிபிக் கரைக்கு உரிய வன்னாமி இறாலை 2009இல் இந்தியா வணிக வளர்ப்புக்கு ஏற்றது. இன்று நாட்டின் பண்ணை இறாலில் மிகப் பெரும்பங்கு அதுவே. தாய்லாந்தின் பாங்பகோங் ஆற்றில் பண்ணையிலிருந்து தப்பிய வன்னாமி பதிவாகியுள்ளது. பரவல் என்பது இயற்கை ஒருமுறை எழுதி முடித்த சாசனமன்று. மனிதக் கை நாள்தோறும் திருத்தும் ஏடு.

இவையெல்லாம் வகைப்பாட்டியலாளரின் தனிக்கவலை என்று எண்ணுவோர் கவனிக்க வேண்டிய இடம் இனிதான் வருகிறது. அண்மை ஆண்டுகளில் ஹவாய், மடகாஸ்கர் ஆகிய இடங்களின் வளர்ப்பு மரபிலிருந்து, குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் அற்ற புலி இறால் தாய்மரபுகள் இந்தியாவுக்கு வந்துள்ளன. வன்னாமியைப் பற்றி எழுந்த அச்சம் இதைப் பற்றி எழவில்லை. கருத்தரங்குகளில் சொல்லப்படும் காரணம் ஒன்றே: ‘அது நம் இனந்தானே, நம் கடலின் பூர்வீகந்தானே!’ அதாவது, ஆய்வேட்டின் முதல் இயலில் கேள்வியின்றி நகலெடுத்த அந்த வாக்கியம் இப்போது கொள்கையின் சான்றாக எழுந்து நிற்கிறது.

ஆனால் பென்சியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைக் கொண்டு காட்டியது வேறு. இந்தோ–பசிபிக் புலி இறாலில் தெளிவாகப் பிரிந்த மரபுக்கிளைகள் உள்ளன. மேற்கு இந்தியப் பெருங்கடலின் கூட்டங்கள் தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கூட்டங்களிலிருந்து வேறுபட்டவை. மடகாஸ்கரின் இறாலும் வங்கக் கடலின் இறாலும் ஒரே பெயரைச் சுமக்கலாம். அதனால் ஒரே மரபு ஆகிவிடா. ‘பூர்வீகம்’ என்ற சொல் இனத்துக்குப் பொருந்தி, கூட்டத்துக்குப் பொருந்தாமற்போகும் இடம் இது.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது: இளவுயிரி நீரோட்டத்தில் வாரக்கணக்கில் மிதக்கிறது, கடலில் வேலியில்லை, எனவே எல்லாம் கலந்தே இருக்கும். கலந்திருந்தால் மரபுக்கிளைகள் பிரிந்து நின்றிரா. மிதப்பது உண்மை; எங்கும் போய்ச் சேர்வது ஊகம். இரண்டாவது மறுப்பு வலுவானது: வெண்புள்ளி நோய் கடலில் பிடித்த தாய் இறால் வழியே பண்ணைகளை அழித்தது, உழவருக்கு நோயற்ற குஞ்சு வேண்டும். அத்தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நோயற்றது என்பது ஆபத்தற்றது என்பதன் மறுபெயரன்று. பொரிப்பகத்தின் தூய்மை குளத்தின் கரை உடையும் நாளில் கழிமுகத்தைக் காப்பதில்லை.

இழப்பு யாருக்கு? சுந்தரவனத்தில் இடுப்பளவு நீரில் வலையிழுத்துப் பாக்தா குஞ்சு பொறுக்கும் பெண்களுக்கும், சில்காவில் வலைவிரிக்கும் மீனவருக்கும். அவர்கள் வாழ்வு சாய்ந்திருப்பது ‘இந்தோ–மேற்குப் பசிபிக்’ மீதன்று. ஒரு குறிப்பிட்ட கழிமுகத்தின் குறிப்பிட்ட இறால் கூட்டத்தின் மீது. அக்கூட்டம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பதிவு செய்யாவிட்டால், நாளை மாறியபின் மாறியதை நிறுவவும் வழியிராது.

கோரிக்கை பெரிதன்று. பரவலைப் பேசும் ஒவ்வோர் ஆய்வேடும் சான்றுமாதிரியின் அருங்காட்சியக எண்ணைத் தரட்டும். பிடித்த இடத்தையும் வாங்கிய இடத்தையும் தனித்தனியே எழுதட்டும். பண்ணை மாதிரியைப் பண்ணை என்றே குறிக்கட்டும். வரைபடத்தில் ஆண்டு இருக்கட்டும். தேடிக் கிடைக்காத இடங்களும் இருக்கட்டும். இந்நான்கும் இல்லாத வரைபடத்தை ஆய்வுக்குழுக்கள் திருப்பியனுப்பட்டும்.

ஒரே தூரிகையால் பெருங்கடலைத் தீட்டுவது எளிது. புள்ளி புள்ளியாக, இடையே வெற்றிடம் விட்டு வரைவது கடினம். ஆனால் அந்த வெற்றிடங்களில்தான் அடுத்த ஆய்வேடு காத்திருக்கிறது.