தாழில்லாக் கைப்பிடி

மூணாற்றிலிருந்து நம் சங்கத்து அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற திங்கள் நமக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர் அவர். லயத்து வீட்டைத் தோட்டத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, நகரத்தையொட்டிப் பழைய சிறு வீடொன்றை வாங்கிப் புதுப்பித்து வருகிறார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகன் கைபேசியில் படங்கள் அனுப்பியிருக்கிறார்: நீண்ட பித்தளைக் கைப்பிடிகள், பூ வேலைப்பாடுடையவை, கண்ணைப் பறிப்பவை. எல்லாக் கதவுகளுக்கும் இவற்றையே போடலாம் என்பது மகனின் ஆசை. ஆசாரியோ, “இதில் நாக்கு இல்லையே அம்மா, கதவு எப்படி நிற்கும்?” என்று கேட்டாராம். மகன் சொல் கேட்பதா, ஆசாரி சொல் கேட்பதா என்று அம்மையார் நம்மிடம் வினவுகிறார்.

ஆசாரி கேட்டதே சரியான கேள்வி. ஆனால் மகனையும் நாம் குறை கூறமாட்டோம்.

கடைகளில் இதனை ‘டம்மி ஹேண்டில்’ என்றும் ‘புல் ஹேண்டில்’ என்றும் சொல்கிறார்கள். கதவைப் பற்றி இழுப்பதற்கு மட்டுமே அது பயன்படும். திருகினால் அசையாது, அசைந்தாலும் நிலைக்குள் சென்று பதியும் நாக்கு அதற்கு இல்லை. இத்தகைய கைப்பிடி தோன்றியதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு. இரட்டைக் கதவில் ஒரு கதவைத்தான் நாம் நாள்தோறும் திறந்து மூடுகிறோம். மற்றொன்று மேலும் கீழும் தாழிடப்பட்டுச் சும்மா நிற்கும். ஒன்றில் கைப்பிடி இருந்து மற்றொன்று மொட்டையாக நின்றால் அழகு கெடுமல்லவா? அதற்காக அந்தச் சோம்பேறிக் கதவுக்கும் ஓர் இணை தேவைப்பட்டது. அலமாரிக் கதவுகளிலும் இவ்வகைக் கைப்பிடியே பொருந்தும். துணி வைக்கும் பெட்டகத்துக்கு நாக்கு எதற்கு?

தொல்லை தொடங்குவது, அறைக் கதவில் இதனைத் தனியே கொண்டுபோய்ப் பொருத்தும்போதுதான். நாமே ஒருமுறை இவ்வாறு ஏமாந்தோம். படுக்கையறைக்கென்று ஆசையோடு வாங்கிய கைப்பிடி இரண்டையும் பொருத்தி முடித்து, கூலியும் கொடுத்து அனுப்பிய பிறகுதான், கதவைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை என்பது புலனாயிற்று. அன்றிரவு காற்று வந்தது, கதவும் வந்தது. பிறகு எல்லா வீடுகளிலும் செய்வதையே நாமும் செய்தோம். பழைய துணியை நான்காக மடித்துக் கதவின் தலைப்பில் செருகி இறுக்கினோம். அழகிய பித்தளைக்கு மேலே கிழிந்த துண்டு தொங்கியதைக் கண்ட விருந்தினர் எவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பண்பாளர்கள்.

நம் முன்னோர் வீடுகளில் அழகும் தாழும் இருவேறு பொருள்களாக இருந்ததில்லை. கேரளத்துப் பழைய நாலுகெட்டு வீடுகளில் ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற ஒன்றைக் காணலாம். 1993இல் வந்த மலையாளத் திரைப்படத்தால் அந்தப் பெயர் தமிழருக்கும் பழகிப்போயிற்று. அக்கதைதான் 2005இல் ‘சந்திரமுகி’ ஆயிற்று. உலோகத்தில் சித்திர வேலை செய்து, சிறு மணிகளைக் கோத்து, கதவின் நடுவே பொருத்திய தாழ் அது. திறந்தால் மணி ஒலிக்கும். இரவில் யார் திறந்தாலும் வீட்டார் அறிவர். வேலைப்பாடு முழுவதும் தாழின் மேலேயே செய்யப்பட்டது. இக்காலத்திலோ அழகைக் கைப்பிடிக்குக் கொடுத்துவிட்டு, தாழைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிக்கிறோம். சில வேளைகளில் ஒளிப்பதோடு நில்லாமல் ஒழித்தும் விடுகிறோம்.

வேதாரணியத்துத் திருக்கோயிற் கதவைத் திறக்க அப்பர் பெருமான் ஒரு பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது என்றும், ஞானசம்பந்தர் ஒரே பாட்டில் அதை மூடிவிட்டார் என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாழில்லாக் கதவின் நிலை இதற்கு நேர்மாறு. திறப்பதற்குப் பாட்டே வேண்டாம், ஒரு மூச்சுக் காற்று போதும். மூடி வைக்கத்தான் பதிகம் பாட வேண்டும்.

மலையில் வாழ்வோருக்குக் காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேலே, முதிரப்புழையும் நல்லதண்ணியும் குண்டளையும் கூடுமிடத்தில் இருக்கும் ஊர் மூணாறு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் மூடுபனியையும் சேர்த்தே வீட்டுக்குள் தள்ளும். பாலக்காட்டுப் பக்கத்து அன்பர்களுக்கு வேறு வகைத் தொல்லை. மலைத்தொடரில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாயில் அக்கணவாய். மழைக்காலத்தில் மேல்காற்றும், மார்கழி, தை மாதங்களில் உலர்ந்த கீழ்க்காற்றும் அதன் வழியே பாயும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது வீணுக்கன்று. கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொள்வதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நம் உறுப்பினரிற் பலர்.

ஆகவே, உள்ளறைகளுக்கு அந்த அழகிய கைப்பிடிதான் வேண்டுமென்றால், கதவைப் பிடித்து நிறுத்தும் வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கடையில் எளிய பொருள்கள் உண்டு. ‘பால் கேட்ச்’ என்பது கதவின் விளிம்பில் பதிக்கும் சிறு குண்டு. உள்ளே இருக்கும் சுருள்வில் அதனை வெளியே தள்ள, நிலையிலுள்ள குழியில் அது போய் அமரும். இழுத்தால் விடும், காற்றுக்கு எளிதில் விடாது. காந்தப் பிடிப்பு மற்றொன்று. அலமாரிக்கு அது போதும், கனத்த மரக்கதவுக்குச் சிறிய காந்தம் போதாது. இவை எவையும் பூட்டல்ல. இரவில் உள்ளிருந்து அடைக்க வேண்டிய கதவானால், நாம் எல்லாரும் அறிந்த டவர் போல்ட் ஒன்றை மேலே போடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வாசற் கதவைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. நல்ல மார்ட்டிஸ் பூட்டோ, ஆல்டிராப்பும் பூட்டுமோ முதலில் அமைய வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நம் மலைக்கு அடிவாரத்து மாவட்டத்தைத் தாண்டியவுடனே கிடைக்கிறது. பூட்டு அமைந்த பின்பு எத்தனை பூவேலைக் கைப்பிடி வைத்தாலும் நன்றே. (தோட்டங்களில் உலவும் ‘படையப்பா’ என்னும் காட்டுயானை தலையை நீட்டினால் எந்தத் தாழும் பயன்படாது. அது வேறு வகை விருந்தினர்.)

தாழில்லாக் கைப்பிடிக்கு மலைநாட்டில் ஓர் உண்மையான நன்மையும் உண்டு. மரம் ஈரத்தை உண்டால் அதன் இழைக்குக் குறுக்கே பருக்கும். இழையின் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால் மழைக்காலத்தில் கதவின் அகலம் கூடி நிலையில் இறுகிக்கொள்கிறது; கோடையில் சுருங்கி இடைவெளி விடுகிறது. நாக்குள்ள பூட்டில், நாக்கும் நிலையிலுள்ள துளையும் சற்று விலகினாலும் பூட்டு விழாது. குண்டுப் பிடிப்போ இந்த விலகலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் இறுகிய கதவை இழுத்துத் திறக்கும் வலிமை முழுவதையும் அந்தக் கைப்பிடியே தாங்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. சிறு திருகாணிகளை மேலோட்டமாக முடுக்கிப் பொருத்திய கைப்பிடி, முதல் ஆடி மாதத்திலேயே கையோடு வந்துவிடும். கதவின் மறுபுறம்வரை ஊடுருவிச் சென்று நட்டு முடுக்கும் போல்ட்டே வேண்டும். இருபுறமும் கைப்பிடி போடுவதாயின், ஒரே போல்ட் இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்குமாறு செய்துகொள்ளலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக் கதவானால் இது கட்டாயம். அதில் திருகாணி நெடுநாள் பிடிக்காது.

இனி, அம்மையார் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்ட ஒன்றுக்கு வருவோம். குளியலறைக் கதவுக்கும் அதே கைப்பிடிதான் என்று எழுதியிருக்கிறார். இது மட்டும் வேண்டாம். காற்றில் திறந்துகொள்ளும் குளியலறை மானத்தைக் கெடுக்கும் என்பது ஒருபுறமிருக்க, நம் அச்சம் வேறு. தாழில்லை என்று கண்டபின் வீட்டார் என்ன செய்வார்கள்? உள்ளே ஒரு கனத்த தாழ்ப்பாளைத் தனியே அடிப்பார்கள். ஈரத்தில் அத்தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகும். முழங்கால் நோவுள்ள முதியவர் உள்ளே வழுக்கி விழுந்தால், வெளியே இருப்பவர் கதவை உடைத்துத்தான் நுழைய வேண்டும். அதிலும் கதவு உட்புறமாகத் திறப்பதாயின், விழுந்தவரே கதவுக்குத் தடையாகிவிடுவார். ஆகவே குளியலறைக்கு மட்டும், உள்ளே திருகினால் அடைபடுவதும், வெளியே உள்ள சிறு பிளவில் ஒரு நாணயத்தையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பினால் திறப்பதுமான பூட்டை வாங்க வேண்டும். கதவை வெளிப்புறமாகத் திறக்குமாறு ஆசாரி மாற்றித் தந்தால் இன்னும் நன்று. மகன் தொலைவில் இருக்கிறார். அம்மையார் பெரும்பாலும் தனியே இருக்கிறார். மற்றக் கதவுகளில் யார் சொன்னபடி செய்தாலும் பெரிய கேடில்லை. இந்தக் கதவில் ஆசாரி சொல்லையே கேட்க வேண்டும்.

பித்தளை என்று விற்கப்படுவதெல்லாம் பித்தளையன்று. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பொன்னிறப் பூச்சுக் கொடுத்தவையும் கடையில் நிறைய உண்டு. காந்தம் வைத்துப் பார்ப்போர் இரும்பை மட்டுமே கண்டுபிடிப்பர்; பித்தளையும் துத்தநாகமும் காந்தத்தில் ஒட்டமாட்டா. கைப்பிடியைத் திருப்பி, திருகாணி நுழையும் துளையின் உட்புறத்தைப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை; சாம்பல் நிறமானால் பூச்சு. ஒரே பருமனில் பித்தளையே கனமாகவும் இருக்கும். உண்மைப் பித்தளையிலும், மேலே வார்னிஷ் பூசியது, பூசாதது என இரு வகை உண்டு. பூசாததை நம் வீட்டுக் குத்துவிளக்கைப் போலப் புளியிட்டுத் துலக்கலாம். பூசியதைப் புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாய் உரிந்து, தேமல் விழுந்த முகம்போல் ஆகிவிடும்; அதற்கு ஈரத்துணியும் உலர்ந்த துணியும் போதும். மூடுபனி வாழும் ஊரில் பித்தளை விரைவில் மங்கும். துலக்கப் பொறுமையில்லாதவர் துருப்பிடிக்காத எஃகை வாங்கலாம். 304 என்ற தரம் வீட்டுக்குப் போதும்.

வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். உருண்டைக் குமிழ்கள் பார்க்க அழகு. ஆனால் ஆண்டாண்டுகளாகக் கொழுந்து கிள்ளிய விரல்கள் முதுமையில் எப்படி நோகும் என்பதை நம் தாய்மாரைக் கேட்டாலே தெரியும். வழுவழுப்பான குமிழை ஈரக்கையால் இறுகப் பற்றுவது அவ்விரல்களுக்குக் கடினம். கனடா நாட்டு வான்கூவர் நகரம் 2014 முதல், புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் குமிழ்களை விலக்கி, நெம்பிக் திறக்கும் கைப்பிடிகளையே வைக்க வேண்டுமென விதி செய்தது இதை எண்ணித்தான். நம் அம்மையார் விரும்பும் நீண்ட இழுப்புக் கைப்பிடி இவ்வகையில் நல்லதே. நான்கு விரலும் தாராளமாக உட்புகும் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பூவேலைப்பாட்டின் கூரிய விளிம்பு விரலை உறுத்தலாகாது. அலமாரிக்கு வாங்குவோர், இரு திருகாணித் துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்துகொண்டு கடைக்குச் செல்ல வேண்டும். 96, 128, 160 மில்லிமீட்டர் என்ற அளவுகளே பெரும்பாலும் வரும். பழைய துளை இருக்கும் பலகையில் வேறு அளவை வாங்கி வந்தால் பலகை சல்லடையாகும்.

செலவைப் பற்றி அம்மையார் ஒன்றும் எழுதவில்லை. நாமாகவே எழுதுகிறோம், பொறுத்தருள்க. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கு, ஓர் ஆண்டு உழைப்புக்கு 15 நாள் ஊதியம் என்பது. முப்பது ஆண்டுக்கு 450 நாட்கூலி. அந்தப் பணத்திலிருந்து வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையையும் ரூபாயில் பார்க்காமல் நாட்கூலியில் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு கைப்பிடி எத்தனை நாள் மழையில் நின்று பறித்த கொழுந்து என்று கணக்கிட்டால், வாசலுக்கும் பூசையறைக்கும் மட்டும் உயர்ந்ததை வாங்கி, மற்றவற்றுக்கு எளியதைக் கொள்ளலாமென மனம் தானே முடிவு செய்யும்.

ஆயினும், அழகு வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைப் பெற்றார். அதன் பின்னர் அங்கு வந்து குடியேறிய நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறர் கட்டிய லயங்களில், பிறர் பொருத்திய கதவுகளைத் திறந்து மூடியே வாழ்ந்தார்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் வேலை உள்ளவரைதான் வீடு. கதவுக்கு எந்தக் கைப்பிடி என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. அறுபதை எட்டிய பிறகு முதன்முதலாக அக்கேள்வி இந்த அம்மையாரிடம் வந்திருக்கிறது. அதற்கும் விடையை வளைகுடாவிலிருந்து மகனே அனுப்பிவிட்டால் எப்படி?

படங்களை மகன் அனுப்பட்டும். கடைக்குச் சென்று, கையை நனைத்துக்கொண்டு, நான்கு கைப்பிடியைப் பற்றி இழுத்துப் பார்த்து, பொன்னிறமா கறுப்பா என்று முடிவு செய்வது அம்மையாராக இருக்கட்டும். வேலையை இப்போது தொடங்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவுகள் பருத்திருக்கும்; அப்போது இழைத்தால் கோடையில் இடைவெளி தெரியும். தை பிறந்து சில நாள் வெயில் அடித்த பின் ஆசாரியை அழைத்து, அடுத்த மழையில் மரம் பருக்க இடம் விட்டு இழைக்கச் சொல்லலாம். குளியலறைப் பூட்டை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.