அட்டை வந்தது, ஆள் வருவாரா?



மைசூரு என்.ஆர். மொகல்லாவில் வசிக்கும் எழுபத்திரண்டு வயதுச் சகோதரர் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். முதியோருக்கான அரசு மருத்துவத் திட்டங்களைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும் அவர் புன்னகைத்தார்.

"பாஸ்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இருதயத்துக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு ஒரு டாக்டர். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. இன்னொரு அட்டை வந்து இதை மாற்றுமா?" என்றார். பின்பு மருந்துப் பையைக் கொட்டிக் காட்டினார். ஒரே இரத்த அழுத்த மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. இரண்டையும் விழுங்கிவந்தவர், ஒரு நாள் காலை தலைசுற்றிக் குளியலறையில் விழுந்திருக்கிறார்.

பிரியமானவர்களே, அவருடைய சந்தேகத்தை முதுமையின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடலாகாது. 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, வருமான வரம்பின்றி 70 வயது நிறைந்த யாவருக்கும் விரிவாக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அது பெரிய உதவியே. ஆயினும் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வெளிநோயாளியாக வாங்கும் மாதாந்தர மாத்திரைகள் அதில் அடங்கா. விழுந்தவரைத் தூக்க அது உதவும். விழாமல் காப்பது வேறு வேலை.

அவ்வேலை எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டிற்கே கொண்டுவருகிறார்கள். அந்த மாவட்டத்தில்தான் நம் சகோதரரின் தமக்கை இருக்கிறார். "அக்காளுக்கு ஆள் வருகிறது, எனக்கு அட்டை வருகிறது" என்றார் அவர்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அன்றாட விசாரணையில் விடப்பட்டவர்கள், வேற்றுமொழி பேசிய விதவைகள். முறையிட்டவர்களை அப்போஸ்தலர் கடிந்துகொள்ளவில்லை. அவ்வேலைக்கென்று ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். கன்னட நாட்டில் தமிழ் பேசி முதிர்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஆள் யார்?

ஆகையால் இம்மாதமே இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டு முதியவர் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், அட்டையில் உள்ள மூல மருந்தின் பெயரோடும் அளவோடும், ஒரே தாளில் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். டாக்டரைக் கேளாமல் எதையும் நிறுத்தாதிருங்கள். காப்பீட்டு அட்டையை எந்த மருத்துவமனை ஏற்கிறது என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள். கன்னடம் அறிந்த வாலிபர் ஒருவர், தனித்திருக்கும் ஒரு முதியவரோடு மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லட்டும்.

அந்தச் சகோதரரின் தாளை எங்கள் சபை வாலிபன் ஒருவன் எழுதிக்கொடுத்தான். டாக்டர் அதைப் பார்த்து ஒரு மாத்திரையை நீக்கினார். திட்டங்களைப் பற்றிய சந்தேகம் அவருக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் அந்த வாலிபன் வரும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.