எவர் சித்தம்?

“எல்லாம் தேவ சித்தம்!” துயரால் துவண்டு கிடப்பவனுக்குப் பாதிரியார் வழங்கும் மருந்து இது. வேலை போனாலும் சித்தம். வியாதி வந்தாலும் சித்தம். பெற்ற பிள்ளை பிணமானாலும் சித்தம். காரணம் கேளாதே, கர்த்தரை நம்பு. இன்று விளங்காதது பின்னர் விளங்கும் என்கின்றனர். நம்மூர்ப் பூசாரி ‘தலைவிதி’ என்பான். சரக்கு ஒன்றே, சாக்குதான் வேறு!

1755 நவம்பர் முதல் நாள். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் சகல புனிதர் திருநாள். கோயில்களிலே கூட்டம், பீடங்களிலே மெழுகுவத்தி ஒளி. பூமி குலுங்கிற்று. தொழுதவர் தலைமீதே கூரை விழுந்தது. சரிந்த மெழுகுவத்திகள் நகரை எரித்தன. தப்பித் துறைமுகத்துக்கு ஓடியோரைக் கடல் வாரிச் சுருட்டிற்று. மாண்டோர் பல்லாயிரவர்.

ஏசு சபைப் பாதிரியார் மலாக்ரிடா 1756இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார்: இயற்கையல்ல காரணம், மக்களின் பாவமே என்று! (1761இல் அம்முதியவரை மதவிசாரணை மன்றம் கழுத்தை நெரித்துக் கொன்றது, அக்கொடுமையை நாம் மெச்சவில்லை.) அமைச்சர் பொம்பாலோ ஊர்தோறும் வினாப்பட்டியல் அனுப்பினார். எவ்வளவு நேரம் நிலம் ஆடிற்று? கடல் முதலில் ஏறிற்றா, உள்வாங்கிற்றா? எத்தனை பேர் மாண்டனர்? விடை எழுதியவர் யார் தெரியுமா? அந்தந்த ஊர்ப் பங்குச் சாமியார்களே! பிற்காலத்தார் அந்த நடுக்கத்தை ஆராய உதவியவை அந்த விடைகள்தாம். பாவக் கணக்கு அன்று.

தொலைதூரக் கதையென்று எண்ணாதீர், தோழர்களே! 249 ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற பக்தர்களை ஆழிப்பேரலை அள்ளிச் சென்றது, நூற்றுக்கணக்கில் மாண்டனர். ஆலயம் தப்பியது. எழுந்தது குரல்: “அற்புதம்! மாதாவின் மகிமை!” லிஸ்பனில் கோயில் விழுந்தது, அது சித்தம், வேளாங்கண்ணியில் கோயில் நின்றது, அதுவும் சித்தம்! எந்த வினாவுக்கும் ஒரே விடை எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயோடு நமக்கு வழக்கில்லை. அவள் பற்றியிருக்கும் கொம்பைப் பிடுங்க நாம் அரக்கரல்லர். அவள் வாயில் எழ வேண்டிய கேள்வியை அடைத்தார்களே, அவர்களோடுதான் வழக்கு.

என்ன கேள்வி? சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது, நம் நேரப்படி காலை 6.30க்குச் சற்று முன்னர். நாகைக் கரையை அலை தொட்டது 9 மணியளவில். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்! சேதி கிடைத்திருந்தால் கைத்தடி ஊன்றிய கிழவியும் நடந்தே தப்பியிருப்பாள். பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று இல்லை. அந்த இல்லாமை எவர் சித்தம்? கர்த்தர் சித்தமெனில் கணக்கு முடிந்தது; ஆள்வோர் நிம்மதியாக உறங்கலாம். மனிதர் அசட்டை எனக் கண்டதால்தான் 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் எழுந்தது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடி நிலம் மீண்டும் அதிர்ந்தது. பேரலை வரவில்லை. ஆனால் எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேட்டுக்கு நடந்தார்கள்.