புத்தாண்டு உறுதிக்கு இருபது சென்ட்

மார்கழி பாதி கழியும்போது ஆங்கிலப் புத்தாண்டு வருகிறது. டவுனில் இருப்பவர்கள் அன்று காலையில் உடம்பைப் பற்றி ஓர் உறுதி எடுத்துக் கொள்கிறார்கள். நடக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும், சிறுதானியம் சாப்பிட வேண்டும், இயற்கையோடு ஒட்டி வாழ வேண்டும் என்கிறார்கள். இந்தப் பழக்கம் இப்போது கிராமத்து டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டது. வந்ததில் தவறில்லை. ஆனால் பொங்கலுக்குள் பாதியும் மாசிக்குள் மீதியும் மறந்து போகிறதே, அதுதான் குறை.

டவுன்காரர் மறப்பதற்குக் காரணம் உண்டு. அவர் எதையும் கடையில் வாங்கியாக வேண்டும். விலை ஏறினாலும் அலுப்புத் தட்டினாலும் விட்டுவிடுவார். சொந்தமாக ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவரும் அதே கடையில் பாக்கெட் கேழ்வரகு மாவு வாங்கி வந்து உறுதியைத் தொடங்குவதுதான் வேடிக்கை. அவருடைய தகப்பனார் கேழ்வரகை மூட்டை மூட்டையாக விளைவித்தவராக இருப்பார். நிலம் உள்ளவர் எடுக்கும் உறுதியை வாயால் எடுப்பதைவிட நிலத்தில் எடுப்பது நல்லது. அதற்குக் காலமும் இதுவே. இறவைக் கேழ்வரகுக்கு மார்கழிப் பட்டம் உகந்த பட்டம்.

உழைக்கிற உடம்புக்கு இந்தக் கவலை எதற்கு என்று சில பெரியவர்கள் இன்னும் கேட்கிறார்கள். குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்குச் சர்க்கரை நோய் அண்டாது என்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொல்லிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. எந்தெந்த வீட்டு வாசலில் அது நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஊர் நிலைமை தெரிந்துவிடும்.

காரணமும் தெரியாததல்ல. ஏர் போய் டிராக்டர் வந்தது. கவலை இறைத்த கை இப்போது மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறது. கொல்லைக்கு நடந்தவர் வண்டியில் போகிறார். உழைப்பு குறைந்தது, சோறு மட்டும் குறையவில்லை. மூன்று வேளையும் தீட்டிய அரிசியாகவே ஆயிற்று. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஏழை வீட்டுப் பசியைப் போக்கிய அந்த அரிசியைக் குறை சொல்வது நியாயமாகாது. தட்டில் அது ஒன்று மட்டும் இருப்பதுதான் கெடுதல். இதை அரசாங்கமே உணர்ந்துதான் 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தர ஆரம்பித்தது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இரும்புச் சத்தும் அரிசியைவிடக் கூடுதல். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்த சோகை உண்டென்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அந்தப் பெண்களில் களை எடுக்கும் பெண்களும் நாற்று நடும் பெண்களும் எத்தனை பேர்!

ஒரு வீட்டுக்கு எவ்வளவு நிலம் தேவைப்படும்? கணக்குச் சுலபம். வீட்டில் ஐந்து பேர், நாளுக்கு ஒரு வேளை, ஆளுக்கு 100 கிராம் மாவு என்றால் அரைக் கிலோ ஆகும். ஆண்டுக்கு 180 கிலோவும் சொச்சமும். கிணற்றுப் பாசனத்தில் ஏக்கருக்கு 10 குவிண்டால் எடுப்பது பெரிய சாதனை அல்ல. அப்படியானால் சென்டுக்கு 10 கிலோ. இருபது சென்டில் ஆண்டுச் சாப்பாட்டுக்கு எடுத்தது போக விதைக்கும் விருந்தாளிக்கும் மிச்சம் இருக்கும்.

இரண்டு ஏக்கர்காரருக்கு இருபது சென்ட் என்பது பத்தில் ஒரு பங்காயிற்றே என்ற ஆட்சேபம் எழும். குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு இது இன்னும் உறைக்கும். ஆட்சேபம் சரியானதே. ஆனால் நாற்று நட்ட பிறகு கேழ்வரகு வயலில் நிற்பது மூன்று மாதத்துக்குள்தான். மற்ற மாதங்களில் அந்த இருபது சென்ட் வேறு பயிருக்குத் தாராளமாகக் கிடைக்கும். தக்காளி பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் கொல்லையிலேயே விட்டுவந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த இருபது சென்டை நஷ்டக் கணக்கில் எழுத மாட்டார்கள்.

செலவும் பெரிதல்ல. இருபது சென்டுக்கு 400 கிராம் விதை, ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். கடைசி உழவில் இரண்டு மூன்று வண்டி மக்கிய தொழு உரம் இட வேண்டும். 18 நாள் முதல் 20 நாள் வயதில் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். நட்ட பதினைந்து, இருபது நாளில் ஒரு களை, பிறகு ஒரு களை. மண்ணைப் பார்த்து வாரம் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர். கிணறு இல்லாதவர்கள் இப்போது அவசரப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆடியில் மானாவாரிப் பட்டம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கேழ்வரகுக்கு இடையே மொச்சை வரிசை விடுவது வழக்கம். களிக்குக் குழம்பும் அதே காட்டிலிருந்து வந்துவிடும்.

சாமை, தினை, வரகு ஆகியவை வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் அவற்றுக்கு உமி நீக்க வேண்டும். வரகுக்கு அது பெரும்பாடு. பக்கத்தில் உமி நீக்கும் இயந்திரம் இல்லாத ஊரில் அந்தப் பாடு உரலும் உலக்கையுமாகப் பெண்கள் தலையில் விழும். சிறுதானியம் வீட்டை விட்டுப் போனதற்கு இந்தச் சிரமம் ஒரு முக்கியக் காரணம். அதை மறந்துவிட்டுப் பழைய உணவின் பெருமையை மட்டும் பேசுகிறவர்கள் உலக்கை பிடித்தவர்கள் அல்லர். கேழ்வரகுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல் நீக்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்தால் முடிந்தது. மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டாமல் இருந்தால் சரி. அப்போதும் களி கிண்டுவதற்குக் கைவலிமை வேண்டும். உறுதி எடுப்பவர் ஆணாகவும் களி கிண்டுபவர் பெண்ணாகவும் இருந்தால் அந்த உறுதி மாசியைத் தாண்டாது. துடுப்பை ஆணும் பிடிக்கலாம். முதல் நாள் இரவே காய்ச்சி வைக்கும் கூழ் காலை வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கேழ்வரகு உணவு, மருந்து அல்ல. சர்க்கரை உள்ளவர் கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவாக, கீரையும் பயறும் சேர்த்து உண்ண வேண்டும். இயற்கைக்கு மாறிவிட்டேன் என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கூட்டுவதையும் குறைப்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இயற்கை வாழ்வு என்றதும் நம்மாழ்வாரின் பெயர் வரும். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டு வந்து ஊர் ஊராக நடந்தவர். 2013 டிசம்பர் 30-ல் மறைந்தார். புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய நினைவு நாள் வருவதால், அன்று உறுதி எடுத்துக் கொள்வோரும் உண்டு. ஆனால் பல கிராமங்களில் ஒரு விசித்திரம் நடக்கிறது. வீட்டுக்கு ஒரு பாத்தி, விற்பனைக்கு ஒரு கொல்லை. வீட்டுப் பாத்தியில் மருந்து அடிப்பதில்லை. விற்பனைக் கத்தரியில் மாலை மருந்து அடித்து, விடியலில் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள்.

இதை வெறும் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிட முடியாது. புழு உள்ள கத்தரியை வியாபாரி தொட மாட்டார். கடன் தவணை காத்திருக்காது. ஆனாலும் தன் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தே தனிப் பாத்தி போடுகிறார் அல்லவா? அந்தக் கத்தரி போய்ச் சேரும் வீட்டிலும் பிள்ளை உண்டு. அந்த மருந்தை முதலில் சுவாசிப்பவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். மூக்குக் கட்டாமல், வெற்றுடம்போடு தெளிப்பான் சுமப்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

ஒரே ஆண்டில் எல்லா மருந்தையும் விட்டுவிட வேண்டும் என்று சிறு விவசாயியிடம் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. இந்த ஆண்டு செய்யக் கூடியது இருக்கிறது. கத்தரியில் வாடித் தொங்கும் நுனித்தண்டை வாரம் இருமுறை கிள்ளி, புழுவோடு அழிக்க வேண்டும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். வேப்பம் பருப்பு 5 கிலோவை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். அதற்கும் அடங்காமல் கடை மருந்துதான் என்றால், டப்பாவில் சிவப்பு முக்கோணம் உள்ளதை ஒதுக்க வேண்டும். சட்டை, முகத்துணி இல்லாமல் தெளிப்பானைத் தூக்கக் கூடாது. தெளித்தபின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள் சீட்டில் அச்சாகியிருக்கிறது. அத்தனை நாள் பறிப்பை நிறுத்த வேண்டும். இரண்டு பறிப்பு நஷ்டமாகலாம். இந்த உறுதிக்குத்தான் உண்மையில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பீடியையும் குடியையும் பற்றி வீட்டிலுள்ளவர்கள் சொல்லாததை இங்கே சொல்வதற்கில்லை. குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு பப்பாளி, வேலியில் முருங்கை, வரப்பில் அகத்தி வைப்பதற்குப் புத்தாண்டு வரை காத்திருந்ததே அதிகம்.

கேழ்வரகில் கோ 14 போன்ற ரகங்களின் வயது 105 முதல் 110 நாள். ஜனவரி முதல் தேதி நாற்றங்காலில் விதைத்தால் தை பத்துக்குள் நடவு முடியும். கதிர் முற்றி அறுவடைக்கு வருவது ஏறக்குறைய சித்திரைப் பிறப்பை ஒட்டி. நன்றாகக் காயவைத்து, நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு அரைக் கிலோ தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மில்லுக்குக் கொண்டு போகலாம்.