காட்டு வழியில் மோட்டார் உல்லாசம்

ஆறு நாள் படித்தவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்பதை எவரும் மறுக்க மாட்டார். ஓய்வென்பது சோம்பிக் கிடத்தலன்று. உழைத்த உறுப்புகளுக்கு இளைப்பாறுதலும், உழையாத உறுப்புகளுக்கு உழைப்பும் தருவதே அறிவுடையார் கொள்ளும் ஓய்வாகும். ஆதலின் வாரம் முழுவதும் புத்தகத்தின்மேற் குனிந்திருந்த மாணவர் நால்வர் ஐவர் கூடிச் சனிக்கிழமையன்று ஊருக்கு வெளியே சென்று விளையாடி வருவதை நாம் ஒருபோதும் குறைகூறோம். ஆயினும் அவ்விளையாட்டு எவ்விடத்தில் நடக்கின்றது, அதனால் யாருக்கு நஷ்டம் நேருகின்றது என்பதை ஆராய்தல் கல்வி கற்பார்க்குக் கடமையன்றோ?

இக்காலத்தில் கோயம்புத்தூரைச் சுற்றிலும் வாலிபரிடையே பரவிவரும் விளையாட்டொன்று உண்டு. 'குவாட் பைக்' என்றும் 'ஏ.டி.வி.' என்றும் வழங்கும் நாற்சக்கர மோட்டாரை வாடகைக்கு எடுத்து, சாலையை விட்டு நீங்கி, மேடு, பள்ளம், மணல், சேறு ஆகியவற்றின்மேல் ஓட்டி மகிழ்வதே அது. ஓட்டுவோன் குதிரைமேல் அமர்வதுபோல இருபுறமும் காலிட்டு அமர்ந்து, கைப்பிடியால் வண்டியைத் திருப்புவான். வலக்கைப் பெருவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்த வேகம் பிறக்கும். காற்றுக் குறைவாக அடைக்கப்பெற்ற பருத்த டயர்கள் மணலிற் புதையாமல் வண்டியைத் தாங்கிச் செல்லும். 1970-ஆம் ஆண்டில் ஹோண்டா கம்பெனியார் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய முச்சக்கர வண்டியே இதற்கு முன்னோடி. அது எளிதிற் கவிழ்ந்து பலருடைய உயிருக்கு இறுதியாயிற்றாதலின், 1988-ஆம் ஆண்டில் அந்நாட்டில் அதன் விற்பனை நின்றது. நாற்சக்கர வண்டி நிலைத்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடுமாடு வளர்ப்போர் பண்ணை வேலைக்கு இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். நம் நாட்டிலோ இது பெரும்பாலும் உல்லாச வண்டியாகவே வந்து சேர்ந்துளது.

யந்திரத்தின்மேல் ஆசை கொங்கு நாட்டார்க்குப் புதியதன்று. ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-ஆம் ஆண்டில் ஒரேயொரு பஸ்ஸைக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே போக்குவரத்துத் தொடங்கிய வரலாற்றை இந்நாட்டுச் சிறுவரும் அறிவர். பந்தயக் கார்களைத் தாமே வகுத்துச் சமைத்த கரிவரதன் அவர்களின் பெயரால், செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயச் சுற்று 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நம் நகரத்தாராகிய நாராயண் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டில் 'பார்முலா ஒன்' பந்தயத்திற் புகுந்த முதல் இந்தியரானார். ஆகவே இவ்விளையாட்டை மேல்நாட்டுப் பைத்தியமென்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. ஆனால் மேற்கூறிய பெரியோரின் வேகமெல்லாம் அதற்கென்று அமைந்த பாதையிலே ஓடிய வேகம் என்பதையும் மறத்தலாகாது.

இனி நாம் கண்டதைக் கூறுவோம். சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமையன்று, நண்பர் ஐவர் காங்கேயத்துக்குத் தெற்கே இத்தகைய வண்டிகளை வாடகைக்கு விடும் ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். தோட்டத்தினுள் அமைத்திருந்த வழி அரை நாழிகையில் முடிந்துவிட்டது. "அப்பாலெல்லாம் வெறுங் காடு, விருப்பம்போல் ஓட்டலாம்" என்று அங்கிருந்தார் ஒருவர் கூறினார். அச்சொல்லை நம்பி, கிளுவை வேலியிற் கண்ட சிறு இடைவெளியை வண்டியால் அகலமாக்கிக்கொண்டு அப்பாற் புகுந்தோம். முன்னிரவு பெய்த மழையால் மண் நெகிழ்ந்திருந்தது; சக்கரங்கள் புழுதியும் சேறும் இறைக்க, ஒருவரையொருவர் முந்தி ஓடினோம். அதனினும் இன்பம் வேறில்லை என்றே அப்பொழுது தோன்றியது.

வெள்வேல மரத்தடியில் ஒதுங்கியிருந்த ஆட்டு மந்தை எங்கள் கண்ணிற் பட்டிலது. பேரிரைச்சலைக் கேட்டு ஆடுகள் மருண்டு, நாம் உடைத்த வேலி வழியே சிதறியோடின. சினையாடு ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து கால் முறிந்தது. அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த முதியவள் ஓடிவந்து அவ்வாட்டின் தலையை மடியிலேந்தினாள். அவள் எங்களை வைதாளில்லை. "ஏங் கண்ணுகளா, காடுன்னா ஆருமில்லாத எடம்னு நெனச்சுப்போட்டீங்களா? எங்க சோறு இந்தக் காட்டுலதானுங்க" என்று மட்டும் கூறினாள். ஆட்டின் விலையைக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டாள். அவள் வினாவுக்கு விடை கொடுக்க எங்களால் இயலவில்லை.

அவள் சொல்லிய அச்சொல்லிலேதான் இப்பொருளின் சாரமெல்லாம் அடங்கியிருக்கின்றது. நகரத்தார் 'காடு' என்னும்பொழுது ஆளற்ற வனத்தைக் கருதுகின்றனர். கொங்கு நாட்டாரோ நீர்ப்பாய்ச்சலுள்ள நிலத்தைத் தோட்டமென்றும், வானம் பார்த்த நிலத்தைக் காடென்றும் வழங்குவர். அவர்கள் காட்டுக்கு உடையவனுண்டு, எல்லையுண்டு, வேலையுண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் முதலிய இடங்களிற் காணும் கொறங்காடு இதற்குச் சிறந்த உதாரணம். கொழுக்கட்டைப் புல்லும், நிழலும் தீனியும் தரும் வெள்வேல மரங்களும், சுற்றிலும் முட்கிளுவை வேலியும் உடைய மேய்ச்சல் நிலம் அது. ஒரு பகுதியில் ஆடுமாடு மேய, மற்றொரு பகுதியைப் புல் தழைக்கும்படி விட்டுவைப்பர். காங்கேயம் மாட்டினம் இந்நாள்வரை நிலைத்திருப்பதற்கு இம்மேய்ச்சல் முறையும் ஒரு காரணமாகும். வழிப்போக்கன் கண்ணுக்குத் தரிசாகத் தோன்றுவது, உடையவனுக்குத் தலைமுறை தலைமுறையாக வைத்த சேமநிதி.

அந்நிலத்தின்மேல் மோட்டார் ஓடினால் யாது நேரும்? ஈர மண் சக்கரத்தின் கீழ் இறுகும். இறுகிய மண்ணில் மழைநீர் உட்புகாது. சக்கரத் தடமே வாய்க்காலாகி மேல்மண்ணை அரித்துச் செல்லும். மேற்கு மலையின் மழைமறைவிலுள்ள இந்நாட்டில் வந்த மழையைப் பிடித்துவைத்தலே உயிர்நாடியாதலின், இது சிறு நஷ்டமன்று. வறண்ட பள்ளங்களும் ஓடைகளும் அவ்வாறே. நீரில்லாத காலத்தில் அவை பாதைபோலத் தோன்றினும், மழைக்காலத்து வெள்ளத்தை நொய்யலுக்கும் குளங்களுக்கும் கொண்டுசேர்ப்பன அவையே. ஆட்காட்டியும் கௌதாரியும் வெறுந்தரையில் முட்டையிடுவதை நாம் எல்லோரும் அறிவோம். ஓட்டுவோன் அறியுமுன்னே சக்கரம் அவற்றின்மேல் ஏறிவிடும்.

மேய்ச்சற் காட்டின் செய்தி இதுவாயின், மலையடிவாரத்தின் செய்தி இன்னும் பெரிது. தடாகம், போளுவாம்பட்டி, மதுக்கரைப் பக்கங்கள் யானைகள் போய்வரும் வழிகளாம். 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. அதன்பின் 2024-ஆம் ஆண்டில் மதுக்கரையில் இருப்புப்பாதையோரம் செயற்கை நுண்ணறிவுக் காமிராக்கள் நிறுவப்பெற்று, யானை வருவதை முன்னறிந்து ரயிலை எச்சரிக்கும் ஏற்பாடு நடைபெறலாயிற்று. சத்தியமங்கலத்துத் திம்பம் மலைப்பாதையிலும் ஐகோர்ட்டின் ஆணைப்படி 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. ஊரார் ரயிலையும் லாரியையும் விலங்குக்காகத் தாமதப்படுத்தச் சம்மதிக்க, உல்லாசத்துக்கென்று செல்லும் நாம் மட்டும் அடிவாரத்திற் புகுந்து இரைச்சல் எழுப்புவது எவ்வாறு பொருந்தும்? காப்புக் காட்டினுள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

ஓட்டுவோனுக்குள்ள அபாயமும் சிறியதன்று. இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்து ஒரே வேகத்திற் சுழலுமாதலின், ஓட்டுவோன் தன் உடலைச் சாய்த்துப் பாரத்தை மாற்றினாலன்றி அவை இலகுவில் திரும்பா. சரிவில் ஏறுகையிலும் விரைந்து திரும்புகையிலும் கவிழ்ந்தால் வண்டியின் பாரம் முழுவதும் ஓட்டுவோன் மேலேயே விழும். இக்காரணத்தாலன்றோ ஆஸ்திரேலிய அரசாங்கத்தார், 2021-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பண்ணை வேலைக்குரிய புதிய வண்டிகளிலெல்லாம், கவிழும்போது ஆளைக் காக்கும் இருப்புச் சட்டம் இருத்தல் வேண்டுமென விதித்தனர்? நம் நண்பர்களோ ஒருவர்க்கென அமைந்த வண்டியில் இருவர் ஏறுகின்றனர். தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொள்கின்றனர்.

"ரேக்ளா வண்டி ஓட்டவில்லையா? அதற்கில்லாத தடை இதற்கேன்?" என்பாருமுண்டு. நல்ல வினா. ரேக்ளா நம் நாட்டு விளையாட்டே. மாட்டு வண்டிப் பந்தயம் 2014-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டால் தடையுண்டு, 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் மீண்டு, 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதித் தீர்ப்பால் நிலைபெற்றது. ஆயின் ரேக்ளா ஊரறிய, நாள் குறித்து, அளந்த பாதையில், இருபுறமும் மக்கள் நிற்க ஓடுவது. ஊராருடைய சம்மதமே அதன் முதல் விதி. நாம் தடையை விரும்புகின்றோமில்லை, அச்சம்மதத்தையே விரும்புகின்றோம். பரந்த நிலமுடைய அமெரிக்காவிலேயே, 1972-ஆம் ஆண்டில் ஜனாதிபதி நிக்ஸன், பொதுநிலத்தில் இத்தகைய வண்டிகள் செல்லத்தக்க இடமும் தகாத இடமும் வரையறுக்கப்பட வேண்டுமென ஆணை பிறப்பித்தார். நிலம் சுருங்கிய நமக்கு அவ்வரையறை எத்துணை அவசியம்!

"பணம் கொடுத்தோமே" என்பது மற்றொரு சமாதானம். யாருக்குக் கொடுத்தோம்? வண்டிக்கு உடையவனுக்குக் கொடுத்தோம். புல்லுக்கு உடையவளுக்குக் கொடுத்தோமில்லை. நாபோத்தின் திராட்சத் தோட்டத்தை விரும்பிய ஆகாப் ராஜாவும் விலை பேசத்தான் செய்தான். உடையவன் இசையாதபோது அவ்விருப்பமே பாவத்துக்கு வழியாயிற்று. தேர்க்காலில் ஒரு கன்று மாண்டதற்காகத் தன் மகனுக்கே தண்டனை விதித்த சோழன் கதையைப் பள்ளியிற் படித்தோம். இளவரசனும் வேண்டுமென்று கன்றைக் கொன்றானில்லை. தெருவில் வேறோர் உயிர் வருமென்பதை நினையாது ஓட்டினான், அவ்வளவே. எங்கள் குற்றமும் அதுவே.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. ஓட்ட விரும்பினால், அதற்கென்று வேலியிட்டு அமைத்த நிலத்தினுள்ளேயே ஓட்டுக. அதன் எல்லை எதுவென்று முன்னரே கேட்டறிக. வேலிக்கு அப்பால் ஓரடியும் வையற்க. தலைக்கவசமின்றி ஏறற்க; பயிலாது வேகம் கொள்ளற்க. வாடகைக்கு விடுவோரும் அண்டை நிலத்தாரிடம் எழுத்து மூலமாக இசைவு பெறாமல் யாரையும் வெளியே அனுப்பாதிருப்பாராக.

அடுத்த சனிக்கிழமையும் நாம் ஐவரும் அவ்விடத்துக்கே சென்றோம். ஆனால் வண்டி எடுத்தோமில்லை. முதியவளின் மகனார் வெட்டித் தந்த கிளுவைப் போத்துகளை உடைந்த வேலியில் வரிசையாக நட்டு, இடையிடையே முள் கட்டினோம். கை முழுவதும் கீறல். மாலையில் அவள் எங்களுக்கு மோர் கொடுத்தாள். கால் முறிந்த ஆடு கட்டுப்போட்டபடி திண்ணையோரத்திற் படுத்திருந்தது. போத்துகள் இப்பொழுது துளிர்த்துவிட்டனவென்று கேள்வியுறுகின்றோம். சக்கரத் தடம் மட்டும் இன்னும் மறையவில்லையாம்.